ஊசி பட்ட தோல்: டாட்டூவிலும் துளையிலும் எது கோளாறு, எது இயல்பு

இரவு பதினொன்றரைக்கு என் கைப்பேசிக்கு வரும் படங்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். மஞ்சள் விளக்கு வெளிச்சம், கை நடுங்கி எடுத்த மங்கல், நடுவில் சிவந்த ஒரு முன்கையோ காது மடலோ. கீழே ஒரே வரி: "அக்கா, இது சீழா?"

கோடம்பாக்கத்தில் டாட்டூ போடவும் காது மூக்குத் துளையிடவும் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். படத்தை மட்டும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. இரண்டு கேள்விகள் கேட்பேன். குத்தி எத்தனையாவது நாள்? நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இரண்டாம் நாள் சிவப்பு இயல்பு. அதே சிவப்பு ஐந்தாம் நாள் புதிதாகக் கிளம்பினால் இயல்பு அல்ல. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கூடுகிறதா என்பதைக் கண்மதிப்பாகச் சொல்லாதீர்கள். பயந்த கண்ணுக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும். ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற ஓரத்தை ஒட்டி, புண்ணைத் தொடாமல் நல்ல தோலின் மேல் கோடு போடுங்கள். பக்கத்திலேயே நேரத்தையும் எழுதிவையுங்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருந்தால் தூங்கப் போகலாம். கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊர் நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கருத்தோ ஊதா கலந்தோதான் தெரியும். அதனால் புறங்கையை வைத்துச் சூட்டையும் பாருங்கள். ஒரு கையில் குத்தியிருந்தால் மறு கையின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள்.

தள்ளிப்போடவே கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல், குளிர் நடுக்கம். புண்ணிலிருந்து உடம்பை நோக்கி ஏறும் சிவப்புக் கோடு. அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது. மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி தணியாமல் விண்விண்ணென்று தெறிப்பது. நாற்றத்தோடு கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லியிலும், கீழ்ப்பாக்கத்திலும் தோல் நோய்க்கென்று வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும். இரவில் காய்ச்சல் அடித்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாக்கில் துளையிட்டவருக்கு மூச்சு விடவோ எச்சில் விழுங்கவோ சிரமமாக இருந்தால் 108. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பட்டியலை இன்னும் ஒரு நாள் முன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் புண் ஆறுவதும் மெதுவாக, கெடுவதும் வேகமாக.

மற்றவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியவை; மருத்துவர் தேவைப்படுகிற இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் பராமரிப்பு குறைந்து வருபவை அல்ல, அதிகமாகி வருபவை.

டாட்டூ: "மை வழிகிறது, தலையணை உறை எல்லாம் நீலம்"

முதல் இரண்டு நாள் இப்படித்தான் இருக்கும். ஊசி மேல்தோலைத் தாண்டி, அடுத்த அடுக்கில் மையை வைத்திருக்கிறது. வழியெல்லாம் ஆயிரக்கணக்கான சின்னத் துளைகள். அவற்றின் வழியாக நிணநீரும், கொஞ்சம் ரத்தமும், மிகுந்துபோன மையும் வெளியே வரும். நிலைத்த மை போகாது. அதை உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் விழுங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்கின்றன. டாட்டூ பல வருடம் நிற்பதற்குக் காரணமே அதுதான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத மென்மையான சோப்பால் டாட்டூவை உள்ளங்கையால் மட்டும் கழுவுங்கள். நார், பஞ்சு, துணி வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை. வியர்த்துக் கொட்டினால் மூன்று. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில், கடைசியாக ஒரு குவளை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை ஊற்றிக்கொள்வது நல்லது. கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்கவைத்தே ஊற்றுங்கள். பிறகு டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். குளியலறையில் வாரக்கணக்கில் தொங்கும் பூத்துவாலை மட்டும் ஆகாது.

டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள் எதுவும் வேண்டாம். அழுக்கையும் புதுத் தோலையும் அவை பிரித்துப் பார்ப்பதில்லை.

"ஒட்டிய ஃபிலிமுக்குள் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருக்கிறது"

டாட்டூவின் மேல் ஒட்டி அனுப்பும் மெல்லிய ஒட்டுப்படலம் குளிர்ந்த ஊர்களில் நான்கைந்து நாள் நிற்கும். சென்னையில், அதுவும் அக்னி நட்சத்திரக் காலத்தில், இரண்டாம் நாளே ஓரம் கிளம்பிவிடும். உள்ளே தேங்கிய மைத்தண்ணீர் ஒரு கோளாறு அல்ல. ஓரம் கிளம்பி, அந்த வழியாகத் தண்ணீர் கசிந்தால்தான் கோளாறு. வெளியே வர வழி இருந்தால் அழுக்கு உள்ளே போகவும் வழி இருக்கிறது. கசிந்ததும் எடுத்துவிடுங்கள். மேல்நோக்கி இழுக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பக்கவாட்டில் நீட்டிப் பிரியுங்கள். கிளம்பிய ஓரத்தின் மேல் இன்னொரு துண்டை ஒட்டுவது, ஒழுகும் கூரைக்குத் தாழ்வாரத்தில் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி.

ஒருமுறை ஒரு தம்பி அனுப்பிய படத்தில் சிவப்பும் சின்னச் சின்னக் கொப்புளங்களும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நீள்சதுரமாக இருந்தன. டாட்டூவோ வட்டமான தாமரை. கிருமிக்கு நீள்சதுரம் போடத் தெரியாது. ஃபிலிமின் பசை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பிரித்துவிட்டுக் காற்றாட விட்டார். நான்கு நாளில் தணிந்தது. இப்படி வடிவம் பார்ப்பது நல்ல பழக்கம்.

"செதில் செதிலாக உரிகிறது, நிறமும் உதிர்கிறது, நமைச்சல் தாங்கவில்லை"

நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வெயிலில் கருகிய தோல் உரிவதுபோல உரியும். உதிர்கிற செதிலில் நிறம் இருக்கும். அது மேல்தோலில் தங்கிய மை. பிய்க்காதீர்கள். பாதி ஒட்டிய செதிலைப் பிய்த்தால் அடியில் இருக்கும் மையும் சேர்ந்து வரும், அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். சொறிவதற்குப் பதிலாக உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள், அல்லது சுத்தமான துணியில் சுற்றிய குளிர்ந்த பொட்டலத்தை இரண்டு நிமிடம் வையுங்கள்.

உரிந்து முடிந்ததும் டாட்டூ பால் படிந்ததுபோல மங்கலாக இருக்கும். "நிறம் போய்விட்டது, திரும்பப் போட்டுத்தர வேண்டும்" என்று அடுத்த நாளே வந்து நிற்பார்கள். புதுத் தோல் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. மேலே ஆறியதாகத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், உள்ளே ஆற இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் நல்ல கலைஞர் யாரும் அதன் மேல் ஊசி வைக்க மாட்டார்.

"பக்கு தடித்து, ஈரமாக, துணியில் ஒட்டுகிறது"

இங்கேதான் அக்கறை வில்லங்கமாகிறது. மெல்லிய பக்கு இயல்பு. தடித்து, கொழகொழத்து, ஓரம் வெளுத்துப்போன பக்கு என்றால், பெரும்பாலும் நீங்கள் தடவியது அதிகம். பெட்ரோலியம் ஜெல்லியை இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுவதுபோல அப்புகிறார்கள். இந்த ஊர்க் காற்றிலேயே ஈரம் ததும்புகிறது. அதன் மேல் ஒரு மூடியும் போட்டால் தோல் ஊறிப்போகும். ஒரு நாள் எதையும் தடவாமல் உலர விடுங்கள். ஒட்டிய துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தே பிரியுங்கள். அடுத்த நாளிலிருந்து உள்ளங்கை அளவு டாட்டூவுக்கு ஒரு பட்டாணி அளவு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் போதும். தடவியபின் பளபளத்தால் அதிகம் என்று பொருள், ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஓரம் சிவந்து, சூடாகி, நாளுக்கு நாள் பரவினால் இந்தப் பத்தியை விட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

"மேலே பொடிப்பொடியாகக் குரு"

எந்த நாள், எப்படிப்பட்ட குரு என்பதைப் பொறுத்து நான்கு விதம்.

முதல் வாரத்திலேயே, ஊசி முனை அளவில், தண்ணீர் கோத்ததுபோலப் பரவலாக வந்தால் வேர்க்குரு. மாய்ஸ்சரைசரைக் குறைத்து மின்விசிறிக் காற்றுப் படவிட்டால் போய்விடும். பவுடர் கொட்டாதீர்கள். பத்து நாளில், மயிர்க்கால் உள்ள இடத்தில் மட்டும் தனித்தனியாக வந்தால், மழித்த முடி திரும்ப முளைக்கிறது. கிள்ளாமல் விடுங்கள்.

வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் விரிந்தால் படர்தாமரை. இதில் ஒரு கதை இருக்கிறது. என் வாடிக்கையாளர் ஒருவர் அரிப்புக்கு என்று தன் வீட்டருகே ஒரு மருந்துக் கடையில் கேட்டார். சீட்டு இல்லாமலே ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் மாயமாக மறைந்தன; மனிதர் மகிழ்ந்துபோனார். மூன்றாம் வாரம் முன்கை முழுவதும் வளையம் வளையமாகப் படர்ந்து வந்து நின்றார். களிம்புப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று மருந்துகள் கலந்தது, அதில் ஒன்று வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும். பூஞ்சையைக் கொல்லாது, சாப்பாடு போட்டு வளர்க்கும். ஆறாத டாட்டூவின் மேல் மருத்துவர் எழுதாத களிம்பு எதையும் பூசாதீர்கள். வாங்கியாகிவிட்டது என்றால் கலவையின் பெயரைப் படியுங்கள்: குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு.

நான்காவது விதம் அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. டாட்டூ நன்றாக ஆறிக்கொண்டிருக்கும்போது, ஒன்று முதல் மூன்று வாரத்தில், ஒரு குறிப்பிட்ட நிறம் உள்ள இடத்தில் மட்டும், பெரும்பாலும் சாம்பல் நிழலில், சிவந்த கெட்டியான குருக்கள் எழும்பும். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அசையாது. காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவான மைக்கோபாக்டீரியம் செலோனே போன்றவை இதைச் செய்யும், தண்ணீரில் வாழ்பவை. 2011 இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு இப்படி வந்தது. டாட்டூ போட்ட கலைஞர்மேல் குற்றமில்லை. முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட சாம்பல் மையிலேயே கிருமி இருந்தது. நம் ஊரில் கறுப்பு மையில் குழாய்த் தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்கிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த அறிகுறிக்குத் தோல் மருத்துவர் ஒரு துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். மருந்தும் மாதக்கணக்கில் ஓடும். போகும்போது போட்ட தேதியையும், கடையில் மையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

"சிவப்பு நிறம் போட்ட இடம் மட்டும் தடித்து அரிக்கிறது"

ஒவ்வாமை. டாட்டூ மைகளில் அதிகம் வம்பு செய்வது சிவப்புதான். சில வாரத்திலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். கழுவுவதாலோ களிம்பாலோ மை வெளியே வராது. தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். லேசரில் எடுத்துவிடலாமே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்: உடைந்த மைத்துகள் உடம்பெங்கும் பரவி ஒவ்வாமையை இன்னும் பெரிதாக்கக்கூடும்.

கறுப்புக் கோடுகள் சில நாள் மட்டும் எழும்பி, மறுபடி படிந்துபோனால் அது வேறு. புழுக்கம் கூடிய நாட்களில் பழைய டாட்டூகூட இப்படிப் புடைக்கும். விட்டுவிடுங்கள். கோட்டைச் சுற்றி நீல நிழல் படர்ந்திருந்தால் ஊசி ஆழமாகப் போய்விட்டது. ஆறினாலும் மறையாது. அது உங்கள் தவறு அல்ல, போட்டவரின் கை.

கடற்கரை, நீச்சல் குளம், கோயில் குளம் எல்லாம் முழுதாக உரிந்து முடியும்வரை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கும் தண்ணீர் இன்னும் மோசம். கணுக்காலில் டாட்டூ போட அந்த மாதங்களில் யாராவது வந்தால், தை பிறக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

துளை: "கம்மலைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது"

மெல்லிய, வெளிர்மஞ்சளான, நாற்றமில்லாத நீர் கசிந்து உப்புப் பூத்ததுபோலக் காய்ந்தால் அது நிணநீர். துளை தன் சுவரைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கெட்டியாக, பச்சையாக, நாற்றத்தோடு வந்தால்தான் சீழ். ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். மடலின் மேல் தெரிவதைவிடத் தாளில் தெளிவாகத் தெரியும்.

மருந்துக் கடையில் நார்மல் சலைன் கிடைக்கும்; 0.9 சதவீத உப்புநீர். கிடைக்காவிட்டால் 250 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் கால் தேக்கரண்டி அயோடின் கலக்காத உப்பு. உப்பு அதிகமானால் நல்லது அதிகமாகாது, தோல்தான் வறண்டு வெடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறை சுத்தமான துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் காய்ந்தது தானாக இளகி வரும். நகத்தால் சுரண்டாதீர்கள். கம்மலைச் சுழற்றவும் வேண்டாம். "தினமும் திருகிவிடணும், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சுழற்றும்போது காய்ந்த பொருக்கு துளைக்குள் இழுபட்டு உள்ளே கீறும்.

பாட்டிமார் வேப்பங்குச்சி செருகித் தேங்காய் எண்ணெய் விட்டார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் குத்தியது காதுச் சோணையை. ரத்த ஓட்டம் நிறைந்த சதை, ஆறு முதல் எட்டு வாரத்தில் எதைச் செய்தாலும் ஆறிவிடும். இன்று குத்துவது மேல் மடலை. அது ரத்த ஓட்டம் குறைந்த குருத்தெலும்பு. ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகும். சோணைக்குச் செல்லுபடியான வைத்தியம் மேல் மடலில் செல்லாது.

"பக்கத்தில் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது"

அதிகம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் நீங்கள் பயப்படுகிற கெலாய்டு அல்ல, உரசலால் வரும் சிறு புடைப்பு. துளையின் வாயை ஒட்டி, மிளகு அளவில், சிவந்து, சில சமயம் ஈரமாக இருக்கும். முதல் சில மாதங்களில் வரும். காரணத்தை எடுத்தால் சில வாரத்தில் சுருங்கும். கெலாய்டு பொறுமைசாலி. பெரும்பாலும் மூன்று மாதம் கழித்து வரும்; கெட்டியாக, வழவழப்பாக இருக்கும்; துளையின் எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் வளரும், தானாகச் சுருங்காது. அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அம்மைத் தழும்போ தடுப்பூசித் தழும்போ மேடு கட்டியிருந்தால் துளையிடுவதற்கு முன்பே சொல்லுங்கள். கெலாய்டுக்குத் தோல் மருத்துவர் அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும்.

எனக்கே வந்தது, கடை வைத்திருப்பவளுக்கு. வலது மேல் மடலில் ஒரு புடைப்பு, நான்கு மாதம். தேயிலை மர எண்ணெய், ஆஸ்பிரின் பசை என்று மற்றவர்களை எதைச் செய்யாதே என்று திட்டுவேனோ அதையெல்லாம் செய்தேன். ஒரு நாள் சிக்னலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் பஞ்சு விளிம்பில் கம்மல் மாட்டிச் சுளீர் என்றது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைப் பார்த்தேன். வலது பக்கப் பஞ்சில் மட்டும் பழுப்பாக ஒரு புள்ளி, துளை உரசுகிற அதே உயரத்தில். ஒரு நாளைக்கு நான்கு முறை மாட்டிக் கழற்றியிருக்கிறேன். ஹெல்மெட்டை விட முடியாது, ஸ்கூட்டரை விடலாம். மூன்று வாரம் பரங்கிமலையிலிருந்து கோடம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் போனேன். புடைப்பு வற்றிவிட்டது, மருந்து எதுவும் போடவில்லை.

அதனால் கட்டி என்று வருபவரிடம் நான் மருந்தைக் கேட்பதில்லை, அன்றாடப் பழக்கத்தைக் கேட்கிறேன். எந்தப் பக்கம் படுக்கிறீர்கள்? கைப்பேசியை எந்தக் காதில் வைக்கிறீர்கள்? தலை துவட்டும்போது துண்டு மாட்டுகிறதா? துப்பட்டா, முகக்கவச நாடா, கூந்தலில் வைக்கும் பூவின் நார்? கம்மல் வளையமா, நேர்க் கம்பியா? ஆறும்வரை நேர்க் கம்பிதான் நல்லது. வளையம் ஒவ்வொரு அசைவிலும் துளைக்குள் அரைவட்டம் போடும். முதலில் வீக்கத்துக்கு இடம் விட்டு நீளமான கம்பி போடுவோம். நான்கு முதல் எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் அதைக் குட்டையாக்க வேண்டும். இதற்கு மட்டும் யாரும் திரும்ப வருவதில்லை.

"துளையைச் சுற்றிக் கறுத்து, அரித்து, தோல் உரிகிறது"

வலியைவிட அரிப்பு அதிகம் என்றால் உலோகத்தைச் சந்தேகியுங்கள். கடிகாரப் பட்டையோ ஜீன்ஸ் பொத்தானோ படும் இடத்திலும் உங்களுக்கு அரிக்குமா? அப்படியானால் நிக்கல் ஒவ்வாமை. கவரிங் நகையில் மேல்பூச்சு தேய்ந்ததும் அடியில் இருக்கும் உலோகம் புண்ணைத் தொடும். "தங்கம்தான் போட்டிருக்கிறேன்" என்பார்கள். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை; பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் 22 காரட் மென்மையானது. கீறல் விழுந்த பழைய தண்டைப் பச்சைப் புண்ணில் போட்டால் அது அரம்போல வேலை செய்யும். வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருக்கவும் கூடும். ஆறும்வரை மருத்துவத் தரமுள்ள டைட்டானியம் போடுங்கள். அம்மாவின் கல் தோட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

"மேல் மடல் முழுவதும் வீங்கி, சிவந்து, தொட்டாலே உயிர் போகிறது"

இதற்குக் காத்திருக்காதீர்கள், பேனாக் கோடும் வேண்டாம். சோணை மட்டும் தப்பித்து, மற்ற மடல் முழுதும் வீங்கிப் பளபளத்தால் குருத்தெலும்பின் உறையில் கிருமி புகுந்திருக்கிறது. பெரும்பாலும் சூடோமோனாஸ். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் பலவற்றுக்கு அது அடங்காது; நாட்களை வீணாக்கினால் குருத்தெலும்பு கரைந்து காது சுருங்கிவிடும், பிறகு பழைய வடிவம் திரும்பாது. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கம்மலை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே அடைபடும். எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

"பின் திருகாணியைக் காணவில்லை"

கல்லூரி மாணவி ஒருத்தி அம்மாவோடு வந்தாள். துப்பாக்கிபோன்ற கருவியால் ஒரு கடையில் காது குத்தியிருந்தார்கள். பின்பக்கப் பிடிப்பு கழன்று விழுந்துவிட்டது என்றாள். சோணையைத் தடவினேன், உள்ளே கடுகைவிடப் பெரிதாக ஏதோ நெருடியது. விழவில்லை. இறுக்கமாகப் போட்டதால் வீக்கத்தில் சதைக்குள் புதைந்து, மேலே தோல் மூட ஆரம்பித்திருந்தது. "இழுத்து எடுத்துவிடுங்களேன்" என்றார் அந்த அம்மா. நான் தொடவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவர் எடுக்க வேண்டிய வேலை அது. சோணை வீங்கினால் பிடிப்பைத் தளர்த்துங்கள். கம்மலுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு தாள் நுழைய இடம் இருக்க வேண்டும். வழுக்கிக் கழன்று விழுந்துவிட்டால், புதுத் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும். அன்றே துளையிட்டவரிடம் போங்கள். கண்ணாடி முன் நின்று பலவந்தமாகக் குத்திப் பார்க்காதீர்கள்.

தொப்புளுக்குச் சுருக்கமாக: சேலைக் கொசுவமும் ஜீன்ஸ் இடுப்பும் படுகிற இடம், ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம். இரண்டு துளைக்கும் நடுவில் இருக்கும் தோல் நாளுக்கு நாள் மெலிந்து, உள்ளே இருக்கும் கம்பி நிழலாகத் தெரிந்தால் உடம்பு அதை வெளியே தள்ளுகிறது. கிழிவதற்கு முன் எடுத்துவிடுங்கள். நாக்கு முதல் ஐந்து நாள் தடிமனாக வீங்கும். ஐஸ் துண்டு, மெத்தென்ற சாப்பாடு. காரக்குழம்புக்கு விடுமுறை.

"எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் ஊசி புதிதா என்று சந்தேகமாக இருக்கிறது"

இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், அதனாலேயே இங்கே எழுதுகிறேன். திருவிழாக் கூட்டத்திலோ கடற்கரையிலோ ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துவதைப் பார்த்துவிட்டு நீங்களும் குத்திக்கொண்டிருந்தால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து அதற்குள் தொடங்கினால்தான் பலன். நாள் கடந்துவிட்டாலும், அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம்; ஆறு வாரத்தில் ஒரு முறையும் மூன்று மாதத்தில் ஒரு முறையும் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலை பி, சி வகைகளுக்கும் சோதனை கேளுங்கள். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு, ஆறு மாதத்தில் மூன்று தவணை. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஓராண்டுக்கு ரத்த தானம் செய்ய வரிசையில் நின்றால், டாட்டூ எப்போது போட்டீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எங்கே போட்டிருந்தாலும், எவ்வளவு சுத்தமான கடையாக இருந்தாலும் பன்னிரண்டு மாதம். என் கடை உட்பட.